சுண்ணாம்புச் சந்துக் குழாயும் பைலிச் சேட்டன் கொடுத்த வாக்கும்

அனுப்புநர்:
திருமதி மா. வீரலட்சுமி,
இட்லிக் கடை,
சுண்ணாம்புச் சந்து,
மட்டாஞ்சேரி, கொச்சி.

பெறுநர்:
உயர்திரு. அனந்தநாராயணன் அவர்கள்,
செயற்பொறியாளர்,
குடிநீர் வழங்கல் பிரிவு,
எர்ணாகுளம்.

பொருள்: குடிநீர் – மட்டாஞ்சேரி, சுண்ணாம்புச் சந்துத் தெருக்குழாய் – தண்ணீர் வருவதாக முன்னாள் அமைச்சர் திரு. கே. எல். பைலி அவர்கள் எழுதிக் கொடுத்தது – உண்மையில் தண்ணீர் வராதது – அவருக்குத் தெரியாமல் தண்ணீர் வரச் செய்யக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனு தமிழில் இருப்பதைப் பார்த்துத் தாங்கள் வியக்கக்கூடும். எங்கள் சந்தில் மலையாளம் எழுதத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. சொல்லப்போனால் எங்கள் பிள்ளைகளுக்கு மலையாளம்தான் கைவரும். தமிழ் எழுத்தைக் கோலம் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். ஆனால் மலையாளத்தில் எழுதினால் தங்கள் அலுவலகத்தில் வாயிற்காவலர் முதல் தலைமை எழுத்தர் வரை அத்தனை பேரும் படித்துவிடுவார்கள். அத்தனை பேரும் பைலி அவர்கள்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். மனு தங்கள் மேசைக்கு வருமுன்பே செய்தி அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தாங்கள் பாலக்காட்டுக்காரர், வீட்டில் தமிழ் பேசுபவர் என்று கேள்விப்பட்டோம். நான் சங்கரன்கோவிலில் எட்டாம் வகுப்பு வரை தமிழ் படித்துவிட்டு இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆகவே இது நம் இருவருக்குள் இருக்க வேண்டும் என்று முதலிலேயே பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

2. புகார் என்றால் யார்மேலாவது இருக்க வேண்டும். தங்கள் அலுவலகத்தின்மேல் எங்களுக்குப் புகார் இல்லை. பைலி அவர்கள்மேலும் இல்லை. அவர்மேல் குறை சொல்ல இந்த மட்டாஞ்சேரியில் எவருக்கும் நாக்கு வராது. புகார் எங்கள்மேல்தான். எங்கள் சந்துக் குழாயில் தண்ணீர் வருகிறது என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவரை நம்ப வைத்தவர்கள் நாங்கள். எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

3. திரு. பைலி அவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தொழிலாளி. பிறகு தொழிற்சங்கத் தலைவர். அறுபதுகளின் கடைசியில் மாநகராட்சித் தேர்தலுக்கு நின்றபோது எங்கள் சந்துக்கு வாக்குக் கேட்டு வந்தார். எங்கள் சந்தில் இருப்பவர்கள் குப்பை வாரும் தொழிலாளர்கள், மிளகுக் கிடங்கில் புடைக்கும் பெண்கள், ஓட்டலில் மாவாட்டுபவர்கள், கொத்தனார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் கடைவீதி முனைக் குழாய்க்குத்தான் போக வேண்டும். கிணற்றுத் தண்ணீரோ உப்புக் கரிக்கும். கிடங்கில் வேலை பார்க்கும் சீனியம்மாளுக்கு வாய்க்குப் பூட்டுக் கிடையாது. அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே அவரை மறித்து, "ஏம்யா, ஓட்டு கேக்க வந்திருக்கீகளே, ஒங்க வீட்டுக்குள்ள பைப்பு இருக்குல்லா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றார். "அப்போ எங்க கஷ்டம் ஒங்களுக்கு எப்பிடியா தெரியும்?" என்றாள். கூட வந்தவர்கள் அவளை அதட்டினார்கள். அவர் அவர்களைத்தான் அதட்டினார். பிறகு வாக்குக் கேட்காமலே திரும்பிப் போய்விட்டார். வரவிருந்த தண்ணீரும் போச்சு என்று நாங்கள் சீனியம்மாளைத் திட்டினோம்.

4. மறுநாள் ஒற்றையாளாகத் திரும்பி வந்தார். துண்டில் பொதிந்து எதையோ கொண்டுவந்து சீனியம்மாள் கையில் கொடுத்தார். அவர் வீட்டுப் பித்தளைக் குழாய். வீட்டு இணைப்பை அடைத்துவிட்டு, குழாயைத் தானே கழற்றிக் கொண்டுவந்திருந்தார். "இந்த வார்டில கடைசிச் சந்தில வெள்ளம் வந்நிட்டு, எனக்கு இதத் திரிச்சுத் தந்நா மதி" என்றார். கடைசிச் சந்துக்குத் தண்ணீர் வந்த பிறகு திருப்பித் தந்தால் போதுமாம்; அந்தக் கடைசிச் சந்து எங்களுடையதுதான். அவர் மனைவி திரேசியா சேச்சிக்கு இந்தச் செய்தி குழாயைத் திறக்கப்போனபோதுதான் தெரிந்ததாம். அன்று அந்த வீட்டில் நடந்த சண்டையை நான் இங்கே எழுதவில்லை, தெருவே கேட்டது. ஆனால் சேச்சியும் குடத்தை எடுத்துக்கொண்டு வந்து எங்களோடு வரிசையில் நின்றார். சாகும்வரை நின்றார்.

5. அவர் கவுன்சிலர் ஆனார், எம்.எல்.ஏ. ஆனார், எழுபதுகளின் நடுவில் உள்ளாட்சித் துறை அமைச்சரும் ஆனார். ஒவ்வொரு பதவியிலும் சந்து சந்தாகத் தண்ணீர் வந்தது. அன்றாடக் கூலிக்குத் தெருக் கூட்டிய எங்கள் ஆட்களை நிரந்தரமாக்கியவர் அவர். எங்களுக்கு ரேஷன் கார்டு கொடுக்க அதிகாரிகள் தயங்கியபோது, இவர்கள் இந்த ஊர்க் குப்பையை வாரிய நாளில் எந்த நாட்டுக்காரர் என்று கேட்டீர்களா என்று கூட்டத்தில் வைத்தே கேட்டார். அடுத்த வாரம் கார்டு வந்தது. குறையே இல்லாத மனிதர் என்று சொல்லமாட்டேன். கோபக்காரர். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. இவர் கூட்டத்துக்குப் போவதென்றால் பெண்கள் சோறு வடித்து வைத்துவிட்டுத்தான் போவார்கள். ஆனால் சொன்ன சொல்லில் நிற்பதில் அவரைப்போல் ஒருவரை நான் பார்த்ததில்லை.

6. அமைச்சராக இருந்தபோதும், திருவனந்தபுரத்திலிருந்து வீட்டுக்கு வந்தால் கடைவீதி முனைக் குழாயில் குடத்தோடு நிற்பார். கொடி கட்டிய கார் ஓரமாக நிற்கும். பியூன் தூக்க வந்தால் விரட்டுவார். காவலுக்கு வந்த துப்பாக்கிப் போலீஸ்காரர் எங்கே நிற்பது என்று தெரியாமல் அவர் பின்னாலேயே வரிசையில் நின்றார். சீனியம்மாள் அவரைப் பார்த்து, "கொடம் இல்லாதவுக வரிசையில நிக்கப்பிடாது, தள்ளி நில்லுங்க" என்றாள். அமைச்சர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். திருவனந்தபுரத்து மந்திரி பங்களாவில் குழாய்த் தண்ணீரில்தானே குளிக்கிறீர்கள் என்று நானே ஒருமுறை கேட்டேன். "அது சர்க்கார் வீடாக்கும், என்டெ வீடல்ல" என்று உடனே பதில் வந்தது. பலமுறை யோசித்து வைத்திருந்த பதில் என்று எனக்குத் தோன்றியது.

7. அவர் அமைச்சராக இருந்த கடைசி வருடத்தில் எங்கள் சந்துக்கும் குழாய் வந்தது. பந்தல், மைக், மாலை, புகைப்படக்காரர் எல்லாம் தயார். அமைச்சர் குழாயைத் திருகினார். தண்ணீர் வரவில்லை, புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. முன்னால் உள்ள சந்துகளே எல்லாத் தண்ணீரையும் குடித்துவிட, வால் நுனியில் இருக்கும் எங்களுக்கு அழுத்தம் எட்டவில்லை. அதிகாரிகள் முகம் செத்துப்போயிற்று. நாடாவை மட்டும் வெட்டிவிடுங்கள், தண்ணீர் பின்னால் வரும் என்று கட்சிக்காரர்கள் காதில் சொன்னார்கள். "காற்றுக்கு உத்காடனம் செய்யான் நான் ஆளில்லே" என்று திறப்பு விழாவை நிறுத்தி, மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். தண்ணீர் வரும்வரை இந்த வேலை முடிந்ததாகக் கருதக்கூடாது என்று கோப்பிலும் எழுதினார். அதனால்தான் கடைசிச் சந்துகளுக்குத் தனியாகப் பெரிய குழாய் போடும் திட்டம், ஆட்சி மாறிய பிறகும் சாகாமல் இருந்தது. இது தங்களுக்கும் தெரிந்திருக்கும்.

8. பிறகு அவர் தோற்றார். கூட்டணி மாறியதில் தோற்றாரே தவிர எங்கள் சந்தில் அவருக்கு ஒரு வாக்கும் குறையவில்லை. போன வருடம் சேச்சி போய்விட்டார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர், தனியாக, குடத்தைத் தூக்கிக்கொண்டு முனைக் குழாய்க்கு வர ஆரம்பித்தார். முன்னால் போங்கள் என்றால் போகமாட்டார். அவருக்கு முன்னால் பிடிக்க எங்கள் பெண்களுக்குக் கை வராது. நாங்கள் போகச் சொல்ல, அவர் மறுக்க, வரிசை அப்படியே நிற்கும், தண்ணீர் நின்றுபோகும். தூக்கித் தருகிறோம் என்றாலும் விடமாட்டார். சென்ற மழைக்காலம் முடிந்த கையோடு ஒருநாள் குழாயடியிலேயே சரிந்து விழுந்தார். நெஞ்சுவலி. மருத்துவர் இனிப் பாரம் தூக்கவே கூடாது, அதிர்ச்சியும் ஆகாது என்று சொல்லி அனுப்பினார். பத்தியம் முடிந்ததும் சின்னக் குடமாக வாங்கிக்கொண்டு மறுபடியும் வந்து நின்றார். அந்தக் குடத்தைப் பார்த்து நான் கடையில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டில் ஒரு குழாய் வைத்துக்கொண்டால் இந்த மனிதருக்கு என்ன குறைந்துவிடும்? எங்கள் சந்துக்குத் தண்ணீர் வராமல் வீட்டில் குழாய் வைக்கமாட்டார். எங்கள் சந்துக்கோ தண்ணீர் வரப்போவதில்லை. எங்களால் அவர் சாகப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

9. அதன்பிறகுதான் நாங்கள் கூடிப் பேசி அந்தக் காரியத்தைச் செய்தோம். தோப்பும்படிப் பட்டறையில் வேலை செய்யும் ராசப்பன், குழாய்க்குப் பின்னால் இருக்கும் தன் வீட்டு மாடியில் பெரிய டிரம் ஒன்றை ஏற்றினான். அதிலிருந்து சுவருக்குள்ளாக ரப்பர் குழாயை இறக்கித் தெருக்குழாயின் அடியில் சேர்த்தான். நாங்கள் முனைக் குழாயிலிருந்து சுமந்து டிரம்மை நிறைத்தோம். பிறகு சீனியம்மாள் போய், நம்ம சந்தில தண்ணி வந்துட்டு என்று அவரிடம் சொன்னாள். அவர் சட்டையைக்கூட மாற்றாமல் வந்தார். குழாயைத் திருகினார். கொட்டியது. இந்தக் கொச்சியில் எந்தத் தெருக்குழாயிலும் அப்படி வேகமாகத் தண்ணீர் வந்திருக்காது. முகத்தைக் கழுவினார், குடித்தார், தலையில் ஊற்றிக்கொண்டார். தேர்தலில் தோற்ற அன்று சிரித்துக்கொண்டு நின்ற மனிதர் எங்கள் முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதார். சீனியம்மாள் பித்தளைக் குழாயைக் கழுவிக் குங்குமம் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். எங்களுக்கும் அப்போது மகிழ்ச்சிதான். இனி வீட்டுக்கு இணைப்பு வாங்கிக்கொள்வார், பிழைத்துக்கொள்வார் என்று நம்பினோம்.

10. அவரை இத்தனை வருடம் பார்த்தும் எங்களுக்கு அறிவு வரவில்லை. அவர் அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஜெட்டிக்குப் போய், போட்டில் ஏறி எர்ணாகுளம் வந்து, தங்கள் அலுவலகத்தில் கடிதம் கொடுத்தார். அந்த வேலையை முடிந்ததாக எழுதவிடாமல் தடுத்தவன் நான், தண்ணீர் வந்துவிட்டது, கேள்விப்பட்டுச் சொல்லவில்லை, என் கண்ணால் பார்த்தேன், பொறியாளர்களுக்கு நன்றி என்று எழுதினாராம். அந்தக் கடிதத்தால் எங்கள் வேலை முடிந்ததாகக் கணக்கானது. பெரிய குழாய்த் திட்டமும் வேறு பகுதிக்குப் போனது. தங்கள் ஊழியர் ஒருவர் வந்தபோது நான் மெல்ல, தண்ணீர் வரவில்லை என்றேன். பைலிச் சேட்டன் எழுதிக் கொடுத்திருக்கிறார், உங்களை நம்புவதா அவரை நம்புவதா என்று சிரித்துவிட்டுப் போனார். நானாக இருந்தாலும் அவரைத்தான் நம்பியிருப்பேன்.

11. வீட்டு இணைப்புக்கும் அன்றே மனுக் கொடுத்திருக்கிறார். வரிசைப்படிதான் வர வேண்டும், எனக்காக ஒருவரையும் பின்னுக்குத் தள்ளக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதுவரை தண்ணீருக்கு? தினமும் காலையில் எங்கள் சந்துக் குழாய்க்கே வருகிறார். முனைக் குழாயைவிட இது அவர் வீட்டுக்குப் பக்கமாம். ஆக, அவர் வருமுன் நாங்கள் முனைக் குழாயில் வரிசையில் நின்று, சுமந்து, மாடியேறி, டிரம்மை நிறைத்து வைக்கிறோம். அவர் வந்து திறந்து, பிடித்து, எங்கள் எல்லோரிடமும் நலம் விசாரித்துவிட்டுப் போகிறார். அவர் தெரு திரும்பியதும் நாங்கள் எங்கள் குடங்களை எடுத்துக்கொண்டு மறுபடி முனைக் குழாய்க்குப் போகிறோம். ஒருநாள் எங்கள் சந்துப் பேச்சியம்மாள் குடத்தோடு அங்கே போவதை அவர் பார்த்துவிட்டார். சொந்தச் சந்தில் வெள்ளம் இருக்க எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறார். அங்கே தங்கச்சி காத்திருக்கிறாள், ரெண்டு வார்த்தை பேசணும் என்று சொல்லித் தப்பித்தாள். குடத்தோடு ஏன் பேசப் போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. பெண்கள் விஷயம் என்று விட்டிருப்பார்.

12. போன மாதம் இளம் கவுன்சிலர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கடைசிச் சந்துக்கும் தண்ணீர் கொடுப்பதுதான் அரசியல் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். ஒவ்வொருவரையும் குழாயைத் திறந்து கை கழுவச் சொன்னார். டிரம் அடிமட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ராசப்பன் மாடியிலிருந்து எனக்குக் கையைக் காட்டுகிறான், நான் என்ன செய்வேன்? நல்லவேளை, அவர் பேச ஆரம்பித்தார். அந்தப் பேச்சு முடிவதற்குள் நாங்கள் பின்வாசல் வழியாகக் குடம் குடமாகக் கொண்டுபோய்ப் பாதி டிரம்மை நிறைத்துவிட்டோம். அவருடைய நீளப் பேச்சை இனி யாராவது கேலி செய்தால் நான் அவர்களோடு சண்டைக்குப் போவேன்.

13. இப்போது மீனமாதம், நம் பங்குனி, பிறந்துவிட்டது. முனைக் குழாயிலும் தண்ணீர் குறைந்து வருகிறது. எங்கள் வீட்டுக்குப் பிடிப்பதா, டிரம்மை நிறைப்பதா என்ற நிலை. இதுவரை அவருக்குத்தான் முதலில் நிறைத்திருக்கிறோம். கிடங்கில் நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் பெண்கள் சுமக்கிறார்கள், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஆனால் என்றாவது ஒருநாள் டிரம் காலியாக இருக்கும்போது அவர் குழாயைத் திறப்பார். அன்று அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். உண்மையைச் சொல்லிவிடலாமே என்று தாங்கள் கேட்கலாம். சொன்னால் அடுத்த போட்டிலேயே தங்கள் அலுவலகத்துக்கு வந்து, எல்லோர் முன்னாலும் நின்று, என் கடிதம் தவறு என்பார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பொய்க்குத் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டேன் என்று குன்றிப்போவார். பித்தளைக் குழாயைக் கொண்டுவந்து சீனியம்மாளிடம் கொடுத்துவிட்டு மறுபடி முனைக் குழாய்க்கு நடப்பார். அவர் நெஞ்சு அதைத் தாங்காது. அவரை ஏமாற்றியவர்கள் நாங்கள் என்பதை அதைவிடத் தாங்காது.

14. ஆகவே ஐயா அவர்களிடம் நாங்கள் வேண்டுவது இவ்வளவுதான். நிறுத்திய வேலையை எங்கள் சந்துக்காக மீண்டும் எடுக்க வேண்டும். முதலில் தாங்களே வந்து பார்க்க வேண்டும். ஜீப்பில் வர வேண்டாம்; இட்லி தின்ன வருபவரைப்போல என் கடைக்கு வாருங்கள், குழாய் எதிரேதான் இருக்கிறது. ஆட்கள் மண் தோண்டும்போது அவர் கேட்டால், சாக்கடை வேலை என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பாவம் தங்களுக்கு வேண்டாம்; எங்கள் கணக்கில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. அவருடைய வீட்டு இணைப்பு மனுவை மட்டும் தயவுசெய்து முன்னுக்குத் தள்ளாதீர்கள். மோப்பம் பிடித்துவிடுவார்.

15. தண்ணீர் வரும் நாளில் பந்தல் வேண்டாம், மாலை வேண்டாம், மந்திரியும் வேண்டாம்; எங்களிடமே ஒரு மந்திரி இருக்கிறார். முந்தின நாள் ராசப்பன் ரப்பர் குழாயைப் பிடுங்கிவிடுவான். காலையில் அவர் எப்போதும்போல் சின்னக் குடத்தோடு வருவார், குழாயைத் திறப்பார், பிடிப்பார், எங்களிடம் நலம் விசாரித்துவிட்டுப் போவார். நாங்கள் எல்லோரும் குளித்து, நல்ல சேலை கட்டி, வாசலில் நிற்போம். என்ன விசேஷம் என்று கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்வோம். எங்கள் சந்துக் குழாயை அவர்தான் திறந்து வைத்தார் என்பது அவர் ஒருவருக்கு மட்டும் தெரியாமல் போகும். அவர் உயிரோடு இருக்கும்போதே அந்த நாளைத் தாருங்கள் ஐயா.

இடம்: மட்டாஞ்சேரி
நாள்: 18-3-1985

தங்கள் கருணையை நம்பியிருக்கும்
சுண்ணாம்புச் சந்து மக்கள் சார்பில்,

(ஒப்பம்) மா. வீரலட்சுமி
சீனியம்மாள் – இடது பெருவிரல் ரேகை
பேச்சியம்மாள் – இடது பெருவிரல் ரேகை
(ஒப்பம், மலையாளத்தில்) ராசப்பன்

நகல்: எவருக்கும் இல்லை.